“கொஞ்சம் ஸ்லோவா இருக்கு மாமா, அவ்வளவுதான்”

மருத்துவப் பதிவுன்னு நினைச்சு வந்தவங்க மன்னிக்கணும். இன்னைக்கு நோயாளி ஒரு ஹார்ட் டிஸ்க். ஆனா சொல்லப்போற விஷயம் நான் தினமும் கேஷுவாலிட்டில பார்க்கிறதுதான்.

என் மச்சினன் மேலூர் பக்கம் போட்டோ ஸ்டுடியோ வெச்சிருக்கான். கல்யாணம், சடங்கு, காதுகுத்து, வளைகாப்பு. எடுத்ததை எல்லாம் ஒரு நாஸ் பெட்டியில் போட்டு வைப்பான். நாஸ்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: ரவுட்டரோட வயர் மூலமா இணைச்சு வைக்கிற சின்னப் பெட்டி, உள்ளே ரெண்டு ஹார்ட் டிஸ்க். ஸ்டுடியோவில் இருக்கிற எல்லா கம்ப்யூட்டரும் அதிலிருந்துதான் ஃபைலை எடுக்கும், அதிலேயேதான் போடும். சின்ன கிளினிக், ஆடிட்டர் ஆபீஸ்னு இப்போ நிறைய இடத்துல இது இருக்கு.

ஆவணியில ஒரு ராத்திரி போன். “மாமா, நாஸ் கொஞ்சம் ஸ்லோவா இருக்கு, அவ்வளவுதான். ரவுட்டரை மாத்திரலாமா?”

அந்தக் “கொஞ்சம்”தான் எனக்கு உதைச்சது. ரெண்டு சோடா குடிச்சுப் பார்த்துட்டு, “கொஞ்சம் நெஞ்சு கரிக்குது டாக்டர், கேஸ்தான்”னு நடந்தே வர்றவர் ஈசிஜியில் மாரடைப்போட நிற்பார். வலியை நோயாளி பொய்யா சொல்றதில்ல. காரணத்தைத்தான் அவரே முடிவு பண்ணிட்டு வர்றார்.

எத்தனை நாளா? “ஒரு மாசம் இருக்கும்.” ரீஸ்டார்ட் பண்ணா? “ஒரு மணி நேரம் நல்லா இருக்கும். அப்புறம் பழைய கதைதான்.” எல்லா ஃபோல்டரும் ஸ்லோவா, இல்ல குறிப்பிட்ட சிலதா? கொஞ்சம் யோசிச்சான். “பழைய ஃபோல்டர் சிலதைத் திறந்தா அப்படியே நின்னுடுது மாமா. அந்த நேரம் மத்தவங்களுக்கும் நின்னுடுது.”

காப்பி பண்ணும்போது வேகம் எவ்வளவு காட்டுதுன்னு பார்க்கச் சொன்னேன். வீட்டுல யாரும் செஞ்சு பார்க்கலாம், காசு செலவில்லாத டெஸ்ட் இது. நல்ல கிகாபிட் வயர்ல பெரிய ஃபைல் ஒண்ணு விநாடிக்கு 110 எம்பி அளவுல போகும். அதுவே 11, 12ல ஒரே சீரா நின்னா சந்தேகம் வயர் மேல. உள்ளே ஒரு ஜோடி கம்பி போயிருந்தாலும் இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கிடும். வயரை மாத்தினா வேலை முடிஞ்சது. ஆனா 80ல ஓடிட்டிருந்தது சட்டுனு பூஜ்யத்துக்கு விழுந்து, அங்கேயே நின்னு, மறுபடி 80க்கு ஏறினா ரவுட்டர் கடைக்குப் போகாதீங்க. டிஸ்க்கைப் பாருங்க.

ஏன்னா டிஸ்க் ஒரு இடத்தைப் படிக்க முடியலைன்னா உடனே “முடியல”ன்னு சொல்றதில்ல. திரும்பத் திரும்ப முயற்சி பண்ணும். சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க் இப்படி ஒரு நிமிஷத்துக்கு மேலகூட மல்லுக்கட்டும். நாஸுக்குன்னே செய்யிற டிஸ்க் சுமார் ஏழு விநாடியில் கைவிட்டுட்டு பெட்டிகிட்ட சொல்லிடும். அது மல்லுக்கட்டுற நேரம் முழுக்க எல்லாரும் வரிசையில நிக்கணும். நமக்கு அது “ஸ்லோ”.

எல்லா ஸ்லோவும் சாவு இல்லைன்னும் சொல்லிடறேன். எஸ்எம்ஆர்னு ஒரு தொழில்நுட்பம், தடங்களை ஒண்ணு மேல ஒண்ணு ஓடு வேயற மாதிரி எழுதுறது. அந்த டிஸ்க் நல்லா இருக்கும்போதே நிறைய எழுதினா திணறும். வெஸ்டர்ன் டிஜிட்டல் நாஸுக்குன்னே வித்த ரெட் டிஸ்க்குகள் சிலதுல இதுதான் இருந்ததுன்னு 2020 ஏப்ரல்லதான் வெளியே வந்தது. வாங்கினவங்க கொதிச்சுப் போயிட்டாங்க.

மறுநாள் டியூட்டி முடிஞ்சு நேரா மேலூர். ஒவ்வொரு டிஸ்க்கும் தனக்குத்தானே ஒரு கேஸ் ஷீட் எழுதிட்டே இருக்கும். அதுக்குப் பேர் ஸ்மார்ட். நாஸ் செட்டிங்ஸ்லயே பார்க்கலாம். நிறைய எண் இருக்கும், மிரளாதீங்க. 5ம் எண்: கெட்டுப்போன இடத்துக்குப் பதிலா உதிரி இடத்தை எத்தனை முறை எடுத்திருக்குன்னு சொல்லும். 197: இப்போ படிக்க முடியாம நிலுவையில இருக்கிற இடங்கள். 198ம் அதே ஜாதி. 199 மட்டும் ஏறினா பெரும்பாலும் கேபிள் கோளாறு, டிஸ்க் தப்பிச்சது. இங்கே 197ல 312.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி பக்கத்துல இருந்தது. பெட்டியில் ரெண்டு டிஸ்க், ஒண்ணுல இருக்கிறது அப்படியே இன்னொண்ணுலயும் இருக்கும்னு நம்பிட்டு இருந்தோம். முதல் டிஸ்க் ஆனியிலேயே செத்திருக்கு. லாக்ல தேதி இருக்கு. பெட்டி பீப் அடிச்சுக் கத்தியிருக்கு. எடிட்டிங் பண்ற தம்பி, “ஹெட்போனைத் தாண்டிக் கேக்குதுண்ணே”ன்னு செட்டிங்ஸ்ல போய் பீப்பை ஆஃப் பண்ணிட்டான். ஆரஞ்சு லைட்டுக்கு மேல ஆல்பம் சாம்பிள் அடுக்கியிருந்தது.

அந்தத் தம்பியைத் திட்ட எனக்கு வாய் வரல. ஐசியூவுல நாள் முழுக்க மானிட்டர் கத்தும். பாதிக்கு மேல ஒயர் நழுவினது, நோயாளி திரும்பிப் படுத்தது. கேட்டுக் கேட்டு காது மரத்துப்போய், கை தானா சைலன்ஸ் பட்டனுக்குப் போகும். எங்களுக்கே போகும்.

“ரெண்டு டிஸ்க் இருக்கு, கவலையே இல்ல சார்”னு சொல்லித்தான் இந்தப் பெட்டியை விக்கிறாங்க. என் கோபம் அந்த வாக்கியத்து மேலதான். கிட்னியும் ரெண்டுதான். ஒண்ணுல கட்டி வந்து எடுத்துட்டா இன்னொண்ணு தாங்கும். சர்க்கரையும் பிரஷரும் கவனிக்காம விட்டா? ரெண்டும் சேர்ந்தேதான் போகும். இவன் டிஸ்க் ரெண்டும் ஒரே நாள்ல ஒரே கடையில வாங்கினது, ஒரே கம்பெனி, ஒரே பெட்டிக்குள்ள ஒரே கரண்ட்ல ஓடினது. ஒண்ணு போன ரெண்டு மாசத்துல அடுத்தது படுத்ததுல ஆச்சரியம் என்ன இருக்கு? தவறுதலா அழிச்சாலும் ரெண்டுலயும் ஒரே நொடியில அழியும். ரேன்சம்வேர் பூட்டினா ரெண்டையும் பூட்டும். 2022 நவம்பர்ல டெல்லி எய்ம்ஸ் சர்வர்கள் அப்படித்தான் முடங்கி, ஏறக்குறைய ரெண்டு வாரம் பேப்பரும் பேனாவுமா ஓடினது. ரெண்டு டிஸ்க் போடறது கடை மூடாம இருக்கிறதுக்கு. பேக்கப்புங்கறது பெட்டிக்கு வெளியே இருக்கணும், முடிஞ்சா அந்தக் கட்டடத்துக்கே வெளியே.

“மதுரை வெயில்தான் காரணமா மாமா?” எல்லாரும் கேக்கிறது. 2007ல கூகுள் பொறியாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ஞ்சு ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. சூட்டுக்கும் டிஸ்க் சாவுக்கும் நாம நினைக்கிற அளவு சம்பந்தம் அதுல தெரியல. ஆனா ஸ்கேன்ல முதல் தடவை எரர் காட்டின டிஸ்க், அடுத்த 60 நாளுக்குள்ள சாகிற வாய்ப்பு எரர் காட்டாததைவிட 39 மடங்கு. அதே கட்டுரையில இன்னொண்ணும் உண்டு. செத்த டிஸ்க்குகள்ல பாதிக்கும் மேல, முக்கியமான நாலு ஸ்மார்ட் அறிகுறிகள்ல ஒண்ணைக்கூடக் காட்டாமலேயே செத்தது. ஈசிஜி நார்மல்னா மாரடைப்பே இல்லைன்னு வீட்டுக்கு அனுப்ப முடியாது இல்லையா, அதே கதை.

கடைக்காரர் போன்லயே வைத்தியம் சொல்லிட்டார்: செத்ததைக் கழட்டிட்டு புது டிஸ்க் போடுங்க, ரிப்பேர் பட்டனை அழுத்துங்க. நான் கையைப் பிடிச்சு நிறுத்தினேன். ரிப்பேர்னா மிச்சமிருக்கிற டிஸ்க்கை முதல்ல இருந்து கடைசி வரை படிக்க வைக்கிறது. 312 இடத்துல மூச்சு வாங்கிட்டு நிக்கிறவரை மாடிப்படி ஏறச் சொல்ற மாதிரி. டிஸ்க் செக், ஃபுல் ஸ்கேன் எதையும் இப்போ தொடக்கூடாது. டிஸ்க்கை ஃப்ரிட்ஜ்ல வைன்னு யாராவது சொன்னா அவர்கிட்ட பேசவே வேண்டாம்.

முதல்ல எல்லா கம்ப்யூட்டரையும் நாஸ்ல இருந்து கழட்டினோம். சிசிடிவி ரெக்கார்டிங், பின்னால தானா ஓடுற இண்டெக்ஸிங் எல்லாம் நிறுத்தம். அப்புறம் கேட்டேன்: “இதுல எது போனா உனக்குத் தூக்கம் வராது?”

யோசிக்கவே இல்ல. வைகாசியில எடுத்த ஒரு கல்யாணம். பொண்ணோட அப்பா ஆடிக் கடைசியில தவறிட்டார். முப்பதாம் நாள் கும்பிடறதுக்குள்ள அவர் பேசுற, சிரிக்கிற வீடியோ எல்லாம் வேணும்னு அந்தப் பொண்ணு கேட்டிருக்கு. இவன் ஆல்பம் மட்டும்தான் குடுத்திருந்தான். மிச்சமெல்லாம் இந்தப் பெட்டிக்குள்ள.

அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் முதல்ல வெளி டிஸ்க்குக்கு இழுத்தோம். 180 ஜிபி. நல்ல டிஸ்க்னா அரை மணி நேரம். ஆறு மணி நேரம் ஆச்சு. தாரை வார்க்கும்போது அவர் துண்டால கண்ணைத் துடைக்கிற இடம் ஓடினப்போ மச்சினன் எழுந்து வெளியே போயிட்டான்.

அப்புறம்தான் டிஸ்க்கைக் கழட்டி, ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டர்ல மாட்டி, டிடி-ரெஸ்க்யூங்கற இலவச மென்பொருளை ஓட விட்டது. நல்லா படிக்கிற இடங்களை முதல்ல அள்ளிடும். முரண்டு பிடிக்கிற இடத்தைக் குறிச்சு வெச்சுட்டுத் தாண்டிப் போகும். கடைசியில திரும்ப வந்து அதைக் கெஞ்சும். நடுவுல கரண்ட் போனாலும் விட்ட இடத்துல இருந்து தொடரும். எங்களுக்கு ரெண்டு ராத்திரி, ஒரு பகல். பழக்கம் இல்லாதவங்க தெரிஞ்சவரைப் பக்கத்துல வெச்சுக்கோங்க, எதிலிருந்து எதுக்குங்கறதை மாத்திக் குடுத்தா உள்ளதும் போயிடும். டிஸ்க்ல கட கடன்னு சத்தம் வந்தா இதுவும் கூடாது. உடனே ஆஃப் பண்ணிட்டு டேட்டா ரெக்கவரி லேபுக்குக் கொண்டு போங்க.

நாலு டிபியில 46 எம்பி வரல. அதுவே நாலு கிளிப்பைச் சாப்பிட்டிருந்தது. மூணு, டைனிங் ஹால்ல எடுத்தது. நாலாவது அழகர்கோவில்ல ஒரு காதுகுத்து, தாய்மாமன் மடியில் குழந்தையை வெச்சுக் குத்துற அதே கிளிப்.

“போட்டோவை வெச்சு ஒப்பேத்திரலாமா மாமா? அவங்களுக்குத் தெரியவா போகுது?”

சொல்லிடு மாப்ள, இன்னைக்கே சொல்லுன்னேன். சுத்தி வளைக்காதே, டிஸ்க் மேல பழியைப் போடாதே, பேசிட்டு அவங்க திட்டி முடிக்கிற வரை போனை வைக்காதே. வராண்டாவுல நின்னு சொந்தக்காரங்ககிட்ட நாங்க சொல்றதும் இப்படித்தான்.

நல்லாவே திட்டினாங்க. பாக்கிப் பணத்துல ஐயாயிரம் குறைச்சுக்கிட்டாங்க, அதுவும் நியாயம்தான். ரெண்டு நாள் கழிச்சு அந்தத் தாய்மாமன் ஸ்டுடியோவுக்கு வந்தார். பக்கத்துல நின்ன அவர் பையன் செல்போன்ல எடுத்தது இருக்காம். பாதி ஆட்டம், பாதி யாரோ ஒருத்தரோட முதுகு. ஆனா குழந்தை வீல்னு கத்துறதும், அவர் “ஆச்சு ஆச்சு, முடிஞ்சு போச்சு”ன்னு தட்டிக் குடுக்கிறதும் தெளிவாக் கேக்குது.

இப்போ அவங்க வீட்டு வீடியோவுல இருக்கிறது அதுதான்.