வரி வழக்குகளில் அரசு ஊழியர் பணிப்பதிவேடுகளின் இரகசியத்தன்மை (ஐக்கிய அமெரிக்கா)

வரி வழக்குகளில் அரசு ஊழியர் பணிப்பதிவேடுகளின் இரகசியத்தன்மை என்பது, வரித்துறையோடு வழக்காடும் ஒருவர் தம் கணக்கை ஆய்ந்த அலுவலரின் பணி ஆவணங்களை எந்த அளவிற்குக் கேட்டுப் பெறலாம் என்னும் சட்டச் சிக்கலாகும். ஐக்கிய அமெரிக்காவின் வரித்துறை உள்நாட்டு வருவாய்ச் சேவை (சுருக்கமாக ஐ.ஆர்.எஸ்) எனப்படுகிறது. 1998இல் இயற்றப்பட்ட சீர்திருத்தச் சட்டமும் 2024 டிசம்பரில் வெளியான விதிகளும் அந்நாட்டில் இச்சிக்கலுக்குப் புதிய முக்கியத்துவத்தை அளித்துள்ளன.

இது அலுவலரின் அந்தரங்கத்திற்கும் குடிமக்களின் அறியும் உரிமைக்கும் இடையிலான மோதல் என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. ஆனால் பணிப்பதிவேட்டில் இரு வகைத் தகவல்கள் கலந்துள்ளன. ஒன்று ஆளைப் பற்றியது. மற்றொன்று பதவியைப் பற்றியது. இவ்விரண்டையும் பிரித்து நோக்கினால் சிக்கலின் பெரும்பகுதி தெளிவாகிவிடும்.

பதிவேட்டின் இரு பகுதிகள்

வீட்டு முகவரி, மருத்துவ விவரம், பணி மதிப்பீடு, ஒழுங்கு நடவடிக்கை முதலியவை ஆளைப் பற்றியவை. 1974ஆம் ஆண்டின் தனியுரிமைச் சட்டத்தின்படி, ஊழியரின் எழுத்து மூல இசைவின்றி இவற்றைப் பிறருக்கு அளித்தல் கூடாது. இதற்குச் சில விதிவிலக்குகள் உண்டு. நீதிமன்ற ஆணை அவற்றுள் ஒன்று. தகவல் சுதந்திரச் சட்டத்தின் ஆறாவது விலக்கும் பணியாளர் கோப்புகளுக்குக் காப்பளிக்கிறது. எனினும் ஓர் ஆவணம் பணியாளர் கோப்பில் உள்ளது என்ற காரணத்தால் மட்டுமே அது இரகசியம் ஆகிவிடாது என்றும், அந்தரங்கத்தையும் பொதுநலனையும் சீர்தூக்கிப் பார்க்க வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் 1976இல் விமானப்படைத் துறை எதிர் ரோஸ் வழக்கில் தீர்ப்பளித்தது.

பெயர், பதவிப் பெயர், தரநிலை, ஆண்டுச் சம்பளம், பணியிடம் ஆகியவை பதவியைப் பற்றியவை. கூட்டரசின் பணியாளர் விதிகள் இவற்றைப் பொதுவாக வெளியிடத்தக்க தகவல்களாகவே கொள்கின்றன.

ஐ.ஆர்.எஸ் அலுவலர்களைப் பொறுத்தவரை 1998ஆம் ஆண்டுச் சட்டம் இவ்விரு நலன்களுக்கும் இடமளித்தது. அலுவலர் தாமே எழுதி அனுப்பும் கடிதத்தில் பெயர், தொலைபேசி எண், தனி அடையாள எண் ஆகியவை இடம்பெற வேண்டும். பாதுகாப்பு போன்ற தக்க காரணம் இருப்பின், முன் ஒப்புதல் பெற்றுப் புனைபெயரைப் பயன்படுத்தலாம். இந்த அச்சம் வெறும் கற்பனை அன்று. 2010 பெப்ரவரியில் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில், வரித்துறை மீது சினங்கொண்ட ஒருவர் சிறு வானூர்தியை ஐ.ஆர்.எஸ் அலுவலகம் இருந்த கட்டடத்தில் மோதினார். அதில் அவரும் துறை ஊழியர் ஒருவரும் உயிரிழந்தனர்.

நீதிமன்றங்கள் பெரும்பாலும் மறுப்பது ஏன்?

வரி நீதிமன்றம் வழக்கைத் தொடக்கத்திலிருந்து புதிதாக விசாரிக்கிறது. செலுத்த வேண்டிய வரி எவ்வளவு என்பதே அங்கு எழும் வினா. அலுவலர் எவ்வாறு நடந்துகொண்டார் என்பது பொதுவாக வழக்குக்குப் பொருந்தாது. எனவே வரிக்குறைவு அறிவிப்பின் பின்புலத்தை ஆராய்வதில்லை என்று அந்நீதிமன்றம் 1974இல் கிரீன்பெர்க்ஸ் எக்ஸ்பிரஸ் வழக்கில் கூறியது. அலுவலர் முறையாக நியமிக்கப்படவில்லை எனக் கூறி, அவருடைய பதவியேற்பு உறுதிமொழியையும் நியமனச் சான்றையும் கேட்கும் வரி மறுப்பாளர்களின் வாதங்கள் தொடர்ந்து தள்ளுபடி செய்யப்பட்டு வந்துள்ளன. அற்பமான வாதங்களை முன்வைப்போருக்கு 25,000 டாலர் வரை தண்டம் விதிக்க வரி நீதிமன்றத்திற்கு அதிகாரம் உண்டு.

சில சூழல்களில் கதவு திறக்கிறது. துறை அனுப்பும் அழைப்பாணையை எதிர்ப்பவர், தீய நோக்கத்தைக் காட்டும் குறிப்பான உண்மைகளைச் சுட்டினால் அலுவலரைக் கேள்வி கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் கிளார்க் வழக்கில் கூறியது. வெறும் குற்றச்சாட்டு போதாது. குற்றவியல் வழக்குகளில், சாட்சி சொல்லும் அலுவலரின் கோப்பை எதிர்த்தரப்பு கேட்கும்போது அரசே ஆராய்ந்து பார்க்க வேண்டும் என ஒன்பதாம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1991இல் ஹெந்தார்ன் வழக்கில் முடிவு செய்தது. வழக்குக்கு இன்றியமையாதவற்றை மட்டும் அளித்தால் போதும். ஐயம் எழுந்தால் நீதிபதி தனியே பார்த்து முடிவு செய்வார்.

மேலாளரின் கையொப்பம்

மேற்கண்டவை விதிவிலக்குகள். 1998ஆம் ஆண்டுச் சட்டத்தால் சேர்க்கப்பட்ட 6751(ஆ) பிரிவோ பதவித் தகவலையே வழக்கின் மையத்துக்குக் கொண்டுவந்தது. தண்டத்தை முதலில் தீர்மானித்த அலுவலரின் "உடனடி மேலாளர்" அல்லது துறை குறித்துரைத்த உயர் அலுவலர் அதனை எழுத்து மூலம் நேரில் ஒப்புக்கொள்ளாவிடில், அத்தண்டத்தை விதிக்க இயலாது. கணினி தானே கணக்கிடும் தண்டங்களுக்கும் வேறு சிலவற்றுக்கும் மட்டும் இதில் விலக்கு உண்டு.

எடுத்துக்காட்டாக, ஒருவர் 50,000 டாலர் வரியைக் குறைத்துச் செலுத்தியிருந்தால், 20 விழுக்காட்டுத் தண்டம் 10,000 டாலர் ஆகும். உரியவர் ஒப்பமிடவில்லை எனில், வரி நிலைத்தாலும் இந்தத் தண்டம் நீங்கிவிடும். 2017இல் சாய் வழக்கில் இரண்டாம் சுற்று நீதிமன்றமும், அதனைத் தொடர்ந்து கிரேவ் வழக்கில் வரி நீதிமன்றமும் இப்பிரிவுக்கு உயிரூட்டின. தனிநபர் வழக்குகளில் ஒப்புதல் பெறப்பட்டதற்கான சான்றை முதலில் முன்வைக்கும் பொறுப்பு வரித்துறையுடையது.

அவ்வாறாயின் யார் யாருக்குக் கீழ்ப் பணியாற்றினார் என்பது அந்தரங்கம் ஆகாது. அது தண்டம் செல்லுமா என்பதைத் தீர்மானிக்கும் சான்று. 2021இல் சாண்ட் இன்வெஸ்ட்மென்ட் வழக்கில், குறித்த கணக்காய்வில் அலுவலரின் பணியை மெய்யாகவே மேற்பார்வையிட்டவரே உடனடி மேலாளர் என்று வரி நீதிமன்றம் விளக்கியது.

2024ஆம் ஆண்டின் விதிகள்

2024 டிசம்பரில் கருவூலத் துறை வெளியிட்ட இறுதி விதிகள் இவ்விளக்கத்தை விரிவாக்கின. தண்டம் பற்றிய முன்மொழிவுக்கு ஒப்புதல் அளிக்கும் பொறுப்புடைய எவரும் உடனடி மேலாளர் ஆகலாம். இதனால் அலுவலக வரிசைப்படம் பற்றிய வினா, ஒப்புதல் அளிக்கும் பொறுப்பு யாரிடம் இருந்தது என்ற வினாவாக மாறுகிறது. அவ்வினாவிற்கும் துறையின் உள் ஆவணங்களே விடை தர இயலும். அதே ஆண்டு சூன் மாதத்தில் உச்ச நீதிமன்றம் லோப்பர் பிரைட் வழக்கில், தெளிவற்ற சட்டத்திற்கு அரசுத் துறைகள் தரும் விளக்கத்தை நீதிமன்றங்கள் அப்படியே ஏற்க வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்திருந்தது. ஆகவே புதிய வரையறையும் நீதிமன்றத்தின் ஆய்வுக்கு உட்பட்டதே.

மதிப்பீடு

வரித்துறையின் அச்சத்திலும் வரி செலுத்துவோரின் கோரிக்கையிலும் நியாயம் உண்டு. முழுக் கோப்பையும் கேட்பது அலுவலரை அச்சுறுத்தும் கருவியாகக்கூடும். முழுக் கோப்பையும் மறைப்பதோ, சட்டம் விதித்த மேற்பார்வை உண்மையில் நடந்ததா என்பதைச் சரிபார்க்க முடியாததாக்கிவிடும். அலுவலரின் உடல்நலமோ குடும்பமோ ஒருவரின் வரியைக் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை. அவருடைய அதிகாரம் எங்கிருந்து வந்தது, அதனை யார் மேற்பார்வையிட்டார் என்பவை தண்டத்தை நிலைநிறுத்தவும் நீக்கவும் வல்லவை. எனவே நீதிமன்றம் வரைய வேண்டிய கோடு ஆளுக்கும் பதவிக்கும் இடையில் அமைதல் வேண்டும். பொது அதிகாரத்தைச் செலுத்துபவரின் பதவி, அவ்வதிகாரத்திற்கு உட்படுபவரிடமிருந்து மறைக்கத்தக்க இரகசியம் அன்று.