பூனைக்கும் முழங்கால் உண்டு



எடமலைப்பட்டி புதூரிலிருந்து ஒரு சகோதரி நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். விஷயம் குழந்தையைப் பற்றியும் அல்ல, சமையலைப் பற்றியும் அல்ல, பூனையைப் பற்றி! அவர் வீட்டு மீனு ஓடிக்கொண்டே இருக்கும்போது திடீரென்று பின்னங்கால் ஒன்றைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் நொண்டுகிறதாம். காலை ஓர் உதறு உதறினால் பழையபடி சரியாகிவிடுகிறதாம். மாடிப்படிச் சுவரில் ஒரே தாவாகத் தாவி ஏறும் பிராணி, இப்போது கீழே உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறதாம். மிருக வைத்தியர் பார்த்துவிட்டு, "முழங்கால் சில்லு நழுவுகிறது, ஆபரேஷன் தேவைப்படலாம்" என்றாராம். "பூனைக்கு ஆபரேஷனா? ஊர் சிரிக்கும்!" என்கிறார் மாமியார். நடுவில் என்னை மத்தியஸ்தம் செய்யச் சொல்கிறார் சகோதரி.

ஊர் சிரிப்பது இருக்கட்டும். பூனையின் பின்னங்காலில் பின்பக்கமாக மடிந்து கூராகத் தெரிகிறதே, அதைத்தான் பலர் முழங்கால் என்று நினைக்கிறோம். அது குதிகால்! முழங்கால் அதற்கும் மேலே, வயிற்றை ஒட்டி முன்பக்கமாக, ரோமத்துக்குள் மறைந்திருக்கிறது.

கிணற்று ராட்டினத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ராட்டினத்தின் பள்ளத்தில் கயிறு ஓடுகிறது அல்லவா? அதுபோலத் தொடை எலும்பின் நுனியில் ஒரு பள்ளம். அதில் மேலும் கீழும் ஓடுவது முழங்கால் சில்லு. அதை இழுக்கும் கயிறு, தொடைத் தசையும் அதன் நாணும். கயிற்றின் மறுமுனை கணுக்கால் பக்கம் போகும் கீழ்க்கால் எலும்பின் முகப்பில் ஒரு சிறு மேட்டில் கட்டப்பட்டிருக்கிறது. பள்ளம் ஆழமில்லாமல் இருந்தாலோ, கயிறு கோணலாக இழுத்தாலோ சில்லு தடம் புரண்டுவிடும். பூனைக்குப் பெரும்பாலும் உள்பக்கமாகத்தான் புரள்கிறது. சிலவற்றுக்குப் பிறவியிலேயே அமைந்த கோளாறு. சிலவற்றுக்கு மொட்டைமாடியிலிருந்து விழுந்த அடி. நாய்களைவிடப் பூனைகளுக்கு இது குறைவு. ஆனால் வந்தால், இரண்டு கால்களிலுமே இருப்பதுண்டு.

ஆபரேஷன் எல்லாப் பூனைக்கும் வேண்டுமா? வேண்டாம். டாக்டர்கள் இதை நாலு படியாகப் பிரிக்கிறார்கள். கையால் தள்ளினால் மட்டும் நழுவி, விட்டதும் தானே திரும்புவது முதல் படி. தானாகவே நழுவி, தானாகவே திரும்புவது இரண்டாவது. நழுவியே கிடந்து, கையால் தள்ளினால் மட்டும் இடத்துக்கு வருவது மூன்றாவது. தள்ளினாலும் வராதது நாலாவது. நல்ல பூனைக்கே சில்லு கொஞ்சம் தளர்ச்சியாக இருப்பது இயற்கை. ஆகவே முதல் படியில் நொண்டாத பூனையைக் கத்திக்குக் கொடுக்க வேண்டியதில்லை. எடை ஏறாமல் பார்த்துக்கொண்டால் போதும். சகோதரி எழுதியிருப்பதைப் பார்த்தால் மீனு இரண்டாவது படியில் இருப்பதாகத் தோன்றுகிறது. தாவுவதையே விட்டுவிட்டது என்கிறாரே, அதுதான் எனக்குக் கவலை. பூனை வலியை வாய்விட்டுச் சொல்லாது. செய்துகொண்டிருந்த காரியத்தை நிறுத்திவிடும். மேற்கொண்டு தள்ளிப்போட்டால் சில்லு உரசி உரசிக் குருத்தெலும்பு தேய்ந்துபோகும்.

ரண சிகிச்சையில் என்ன செய்கிறார்கள்? ராட்டினத்தைச் சீர் செய்கிறார்கள், அவ்வளவுதான். பள்ளத்தின் மேலுள்ள வழவழப்பான குருத்தெலும்பை ஒரு துண்டாகப் பெயர்த்து, அடியில் குடைந்து ஆழமாக்கி, அதே துண்டைத் திரும்பப் பதிக்கிறார்கள். கயிறு கட்டியிருக்கும் எலும்பு மேட்டை அறுத்துச் சற்று வெளிப்பக்கமாக நகர்த்திக் கம்பியால் பொருத்துகிறார்கள். இறுகிய பக்கத்தைத் தளர்த்தி, தளர்ந்த பக்கத்தை இறுக்கித் தைக்கிறார்கள். எந்தப் பூனைக்கு இவற்றில் எது எது தேவை என்பது பரிசோதனையிலும் எக்ஸ்ரேயிலும்தான் தெரியும். இடுப்பு மூட்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். இந்தக் கோளாறு உள்ள சில பூனைகளுக்கு அங்கேயும் குறை இருக்கிறது. கம்பி தளர்வதும், சில்லு மறுபடி நழுவுவதும் சில சமயம் நடக்கும். இதையும் முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

இப்போது ஒரு முக்கியமான விஷயம். "வலி தாங்காமல் கத்தினால் நமக்குப் போடும் பாரசிட்டமால் மாத்திரையில் பாதி கொடுக்கலாமா?" என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறார். கொடுக்கவே கொடுக்காதீர்கள்! மனிதர்களின் ஈரல் அந்த மருந்தை முறித்து வெளியேற்றுகிறது. பூனையின் ஈரலுக்கு அந்தச் சக்தி மிகக் குறைவு. அரை மாத்திரையே உயிருக்கு உலை வைத்துவிடும். ஈறு பழுப்பாக மாறி, முகம் வீங்கி, மூச்சுத் திணறும். தெரியாமல் யாராவது கொடுத்துவிட்டால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் மிருக வைத்தியரிடம் ஓடுங்கள். எண்ணெய் போட்டு நீவுவது, மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவது எல்லாமும் வேண்டாம்.

எங்கே போவது? சென்னை வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நாமக்கல்லில் 1985-லும் ஒரத்தநாட்டில் 2012-லும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் ஏற்பட்டிருக்கின்றன. ஒரத்தநாடு தஞ்சாவூரைத் தாண்டினால் வந்துவிடுகிறது. புறப்படுமுன் உங்கள் டாக்டரின் சீட்டை வாங்கிக்கொண்டு, எலும்பு ஆபரேஷன் எந்த நாளில் செய்கிறார்கள் என்று டெலிபோனில் விசாரித்துவிடுங்கள். மூடியுள்ள கூடையில் பழைய புடவையை விரித்து மீனுவை உட்கார வையுங்கள். இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறாதீர்கள்.

ஆபரேஷனைவிடச் சிரமம் அதற்குப் பிறகுதான். சுமார் ஆறு வாரம் மீனு தாவக் கூடாது! பூனையிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்! அதனால் பெரிய கூண்டிலோ, மேஜை, அலமாரி இல்லாத சின்ன அறையிலோ அடைத்துவைக்க வேண்டும். வழுக்கும் டைல்ஸ் தரையானால் கோணியோ ஜமக்காளமோ விரியுங்கள். தையலை நக்காதபடி கழுத்துக்குப் பட்டை மாட்டுவார்கள்; பாவமாக இருக்கிறதே என்று கழற்றிவிடாதீர்கள். மறு எக்ஸ்ரேயில் எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகு கதவைத் திறக்கலாம்.

மாமியாரிடம் இந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டுங்கள். மீனுவின் வயதையும், அது எப்போதாவது மாடியிலிருந்து விழுந்ததுண்டா என்பதையும் எழுத விட்டுவிட்டீர்கள். டாக்டர் அவசியம் கேட்பார், யோசித்து வையுங்கள்.