ஆறுதல் சொல்ல ஒரு யந்திரம்!

தொழிலாளி சங்கம் வைத்தால் முதலாளி என்ன செய்வான் என்பது நமக்குத் தெரியாததா? கதவடைப்பு அறிவிப்பான், கருங்காலிகளைக் கொண்டுவந்து இறக்குவான், முன்னணியில் நிற்பவனின் சீட்டைக் கிழிப்பான். பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டோம். ஆனால் 2023-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நடந்தது புதுமாதிரி. அங்கே சங்கம் வைத்தவர்கள் ஆலைத் தொழிலாளிகள் அல்ல. மனம் நொந்தவர்களின் குறையைத் தொலைபேசியில் கேட்டு ஆறுதல் கூறி வந்தவர்கள். அவர்களை அனுப்பிவிட்டு நிர்வாகம் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது கருங்காலியை அல்ல, ஒரு யந்திரத்தை!

நேடா என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஸ்தாபனம் அது. உணவுக் கோளாறு என்னும் நோயால் வாடுவோருக்காக நடப்பது. "உணவுக் கோளாறா? சோறு கிடைக்காத கோளாறுதானே எங்கள் ஊரில்!" என்று சிரிக்காதீர்கள். நானும் முதலில் சிரித்தவன்தான். தட்டு நிறையச் சோறிருந்தும் ஒரு கவளம் எடுக்க அஞ்சி, எலும்பும் தோலுமாய் இருக்கும் உடம்பைக் கண்ணாடியில் பார்த்து "இன்னும் பருமன், இன்னும் பருமன்" என்று தன்னையே பட்டினி போட்டுக்கொள்ளும் பெண்கள் உண்டு, ஆண்களும் உண்டு. மனநோய்களிலே உயிரைக் குடிப்பதில் முன்வரிசையில் நிற்கும் நோய் இது. பெற்ற தாயிடம்கூட வாய்விட்டுச் சொல்ல முடியாத நோய்.

அப்படிப்பட்டவர்கள் பேசுவதற்கென்று ஓர் உதவித் தொலைபேசியை இருபது ஆண்டுகளுக்கு மேலாக நேடா நடத்தி வந்தது. ஓராண்டில் ஏறத்தாழ 70,000 பேர் அதை நாடினார்கள். கேட்பதற்கு இருந்தவர்களோ, சம்பளம் வாங்கும் ஊழியர்கள் ஆறு பேர், மேற்பார்வையாளர்கள் இரண்டொருவர், மற்றபடி காசு வாங்காத தொண்டர்கள் இருநூறு பேர் வரை. கணக்குப் போட்டுப் பாருங்கள் தோழர்களே! பெருந்தொற்றுக் காலத்துக்குப் பிறகு அழைப்புகள் பெருகின. "சாகப் போகிறேன்" என்று சொல்லும் அழைப்புகளும் பெருகின. நாள் முழுதும் அதைக் காதில் வாங்கிக்கொண்டு, மாலையில் வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைக் கொஞ்ச யாரால் முடியும்?

ஊழியர்களில் நால்வர் சங்கம் அமைத்தார்கள். கூலி உயர்வா கேட்டார்கள்? இல்லை. போதிய ஆள் போடுங்கள், தொடர்ந்து பயிற்சி கொடுங்கள், பதவி உயர்வுக்கு வழி வையுங்கள் என்றார்கள். முறைப்படி வாக்கெடுப்பு நடந்தது, சங்கம் வென்றது. வென்ற சில நாட்களுக்குள் நிர்வாகம் அவர்களைக் கூட்டி வைத்துச் சொன்னது: உதவித் தொலைபேசி மூடப்படும், உங்களுக்கு வேலை இல்லை. மக்களை இனி டெஸ்ஸா என்னும் உரையாடும் யந்திரத்தின் பக்கம் அனுப்புவோம் என்றும் அறிவித்தது. சங்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆபத்தான அழைப்புகள் பெருகிவிட்டதால் சட்டப் பொறுப்பு கழுத்தை நெரிக்கிறது, யந்திரம் மனிதருக்கு மாற்றும் அல்ல என்று நிர்வாகம் விளக்கம் கூறியது. இருக்கட்டும். அழைப்பு பெருகினால் ஆளைப் பெருக்குவது உலக வழக்கம். அழைப்பு பெருகியதால் ஆளை அறவே ஒழித்தவர்களை இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

டெஸ்ஸா ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு செய்த பொம்மையல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். நிபுணர்கள் எழுதி வைத்த பதில்களை மட்டும் ஒப்புவிக்கும்படி அதை முதலில் அமைத்தார்கள். 700 பெண்களிடம் சோதித்து ஓரளவு பயன் கண்டார்கள். பிறகு, அதை இயக்கி வந்த கம்பெனி, தானே வாக்கியம் கோக்கும் புதுவகைச் செயற்கை நுண்ணறிவை அதில் நுழைத்தது. விளைவு என்ன? மே மாத இறுதியில், அதே நோயிலிருந்து மீண்ட ஒரு பெண் அதனிடம் பேசிப் பார்த்தார். வாரம் ஒன்று முதல் இரண்டு பவுண்டு எடையைக் குறை. நாளொன்றுக்கு 500 முதல் 1,000 கலோரி வரை குறைத்துச் சாப்பிடு. வாரந்தோறும் எடை பார் என்றது யந்திரம்! பட்டினியே நோயாக உள்ளவரிடம் பட்டினிக்குப் பட்டியல் போட்டுத் தந்த ஆலோசகர்! அந்தப் பெண் உலகறியச் சொன்னார். மே 30-ஆம் தேதி டெஸ்ஸா நிறுத்தப்பட்டது.

பொறுப்பு யாருடையது? எங்களைக் கேட்காமலே மாற்றிவிட்டார்கள் என்றது நேடா. ஒப்பந்தத்தில் உள்ளதைத்தான் செய்தோம் என்றது கம்பெனி. யந்திரத்தைக் கூண்டில் ஏற்ற முடியுமா? தவறாக ஆலோசனை சொன்ன மனிதரைக் கேள்வி கேட்கலாம், உரிமத்தைப் பறிக்கலாம். இங்கோ இரண்டு பேர் ஒருவரையொருவர் சுட்டிக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள், அவ்வளவுதான்.

வேதனை என்னவென்றால், இப்படி வரும் என்று அரை நூற்றாண்டுக்கு முன்பே எச்சரித்தவர் ஒருவர் இருந்தார். ஜோசப் வைசன்பாம். பெர்லினில் பிறந்த யூதர். இட்லர் ஆட்சியில் 1936-ல் குடும்பத்தோடு ஜெர்மனியை விட்டு வெளியேறிய சிறுவர். பிற்காலத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேராசிரியர். 1966-ல் எலிசா என்ற உரையாடும் கணிப்பொறி நிரலை அவர் வெளியிட்டார். அது மனநல மருத்துவர் போல நடித்தது. நடிப்பு மிக எளிது: நீங்கள் சொன்ன சொல்லைப் பிடித்து உங்களிடமே கேள்வியாகத் திருப்பிவிடும். அம்மாவைப் பற்றிச் சொன்னால், "குடும்பத்தைப் பற்றி இன்னும் சொல்லுங்கள்" என்னும். அதற்குள் ஒன்றுமில்லை என்பது அவருடைய செயலாளருக்கு நன்றாகத் தெரியும். அது உருவானதைக் கூடவே இருந்து பார்த்தவர் அவர். அந்த அம்மையாரே அதனோடு சிறிது பேசியதும், "ஐயா, கொஞ்சம் வெளியே இருங்கள்" என்றாராம்! வைசன்பாம் திடுக்கிட்டார். இப்படிப்பட்ட யந்திரம் மணிக்குச் சில நூறு நோயாளிகளைப் பார்த்துவிடும் என்று சில மனநல மருத்துவர்களே எழுதியபோது இன்னும் திடுக்கிட்டார். மணிக்குச் சில நூறு! நெசவாலையில் கஜக்கணக்கு போடுவது போல! 1976-ல் ஒரு நூலே எழுதினார். யந்திரத்தால் முடியுமா என்பதல்ல கேள்வி, முடிந்தாலும் அதனிடம் ஒப்படைக்கக்கூடாத வேலைகள் உண்டு என்பதே அந்நூலில் அவர் வாதம்.

இன்றைய யந்திரம் எலிசாவைப் போல ஏழையல்ல. மலைமலையாய் எழுத்தைத் தின்றுவிட்டு, அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணித்துக் கணித்துப் பேசுகிறது. சரளமாகப் பேசுகிறது, கனிவாகவும் பேசுகிறது. ஆனால் ஒரு பொல்லாத குணம் உண்டு. ஜமீன்தார் மாளிகைத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஆமாம்சாமியின் குணம். 2025 ஏப்ரலில் சாட்ஜிபிடியில் செய்த ஒரு திருத்தத்தை, அளவுமீறி முகஸ்துதி செய்கிறது என்று சொல்லி ஓபன்ஏஐ கம்பெனியே திரும்பப் பெற்றது. கடை வியாபாரத்தில் முகஸ்துதி கேலிக்கூத்து. "நான் இருந்து யாருக்கு என்ன பயன்?" என்று கேட்பவனிடம் ஆமாம் போட்டால்?

யந்திரத்தை உடையுங்கள் என்று சொல்லவில்லை நாம். இரவு இரண்டு மணிக்கு விழித்துக் கிடப்பவனுக்கு, கட்டணம் கட்ட வக்கில்லாதவனுக்கு, ஊரார் நகைப்பார்களே என்று அஞ்சுபவனுக்கு, கையிலுள்ள போனில் நாலு நல்ல வார்த்தை கிடைத்தால் அதைப் பிடுங்க நாம் யார்? அவனுக்கு அந்த நேரத்தில் ஒரு மனிதக் குரல் ஏன் கிடைக்கவில்லை என்பதுதான் நம் கேள்வி. குறிப்பு எழுத, முறைநாள் குறிக்க, கோப்பை ஒழுங்கு செய்ய யந்திரம் இருக்கட்டும். ஆலோசகருக்கு அந்த நேரமாவது மிஞ்சும். 2025 ஆகஸ்டில் இல்லினாய் மாநிலம் சட்டம் போட்டது ஏறக்குறைய இந்த வழியில்தான். அலுவலகக் காரியங்களுக்குச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தலாம்; மனநல சிகிச்சையை அதுவே நடத்தக்கூடாது; மீறினால் 10,000 டாலர் வரை அபராதம்.

இன்னொன்று, காதில் போட்டுக்கொள்ளுங்கள். பெட்டர்ஹெல்ப் என்பது ஆலோசகர்களை இணையவழியில் பேச வைக்கும் கம்பெனி. அங்கே யந்திரமல்ல, மனிதர்கள்தான் பேசுகிறார்கள். ஆனால் இரகசியம் காப்போம் என்று வாக்களித்துவிட்டு, வந்தவர்களின் விவரங்களை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக் முதலியவற்றுக்குக் கொடுத்ததாக அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் 2023-ல் குற்றம் சாட்டியது. 78 இலட்சம் டாலர் கட்ட வேண்டி வந்தது. மனிதர் இருந்த இடத்திலேயே இப்படியென்றால், எழுதியதை எல்லாம் சேமித்து வைக்கும் யந்திரத்திடம் எப்படி?

இதை ஏன் நமக்குச் சொல்கிறாய் என்று கேட்கும் தோழருக்கு ஒரு வார்த்தை. தொழிலாளர் மனநலத்துக்கு என்று செயலிகளை வழங்கும் நிர்வாகங்கள் பெருகி வருகின்றன. நாளை உங்கள் ஆலை வாயிலிலும், "உள்ளம் சோர்ந்தால் இதனிடம் பேசு" என்று ஒட்டி வைக்கலாம். சோர்வுக்குக் காரணம் இரட்டை ஷிப்டாக இருக்கும். அதைப்பற்றி அந்த ஒட்டுத்தாளில் ஒரு வரியும் இராது. கோபப்பட்டுக் கிழிக்க வேண்டாம். சங்கத்தின் பெயரால் கேளுங்கள்: எதிரே பேசுவது ஆளா, யந்திரமா? உயிருக்கு ஆபத்து என்றால் எந்த மனிதர், எத்தனை நிமிஷத்தில் வருவார்? நாங்கள் சொன்னது நிர்வாகத்தின் மேஜைக்குப் போகுமா? பதிலை வாய்ச்சொல்லாக வாங்காதீர்கள், கையெழுத்தோடு வாங்குங்கள்.