கொம்பு முளைத்தவர்கள்

"உனக்கு மட்டும் கொம்பா முளைத்திருக்கிறது?" என்று கேட்பது நம் வழக்கம். உண்மையாகவே முளைத்தவரைக் கண்டாலோ ஒதுங்கிப் போகிறோம். முற்பிறவிப் பாவம் என்பார் ஒருவர். தெய்வக் குற்றம் என்பார் மற்றொருவர். மூணாறு மலையில் பிறந்து, இன்று உயிரியல் பயிலும் எனக்கு இவ்விரு விளக்கங்களும் போதவில்லை.

மாட்டுக் கொம்பினுள் எலும்பு உண்டு. மனிதத் தோலில் எழும் கொம்பில் அது இல்லை. நகத்துக்கும் மயிருக்கும் மூலமான கெரட்டின் என்னும் புரதமே அடுக்கடுக்காக இறுகி அப்படி வளர்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிசு மூதாட்டி ஒருவரின் நெற்றியில் ஏறக்குறைய 25 செ.மீ. நீளத்துக்கு வளர்ந்தது. அதன் மெழுகு வடிவத்தைப் பிலடெல்பியாவின் முட்டர் அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம்.

வேடிக்கை அத்துடன் போகட்டும். கொம்பின் அடியில் இருப்பது என்ன? வெறும் மருவாக இருக்கலாம், நெடுநாள் வெயிலில் கெட்ட தோலாக இருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம். 643 கொம்புகளைச் சோதித்து 1991-இல் வெளியான ஆய்வு ஒன்றில், நூற்றுக்கு ஏறத்தாழ 39-இல் புற்றோ அதன் முன்னிலையோ காணப்பட்டது. மேலே தெரியும் கொம்பைப் பார்த்து இதைச் சொல்லிவிட முடியாது. அடித்திசுவை நுண்ணோக்கியில் வைத்துத்தான் அறிய வேண்டும். (காட்டு முயல்களின் 'கொம்பு'க்கு வைரஸ் காரணம் என்று ரிச்சர்டு ஷோப் 1933-இல் காட்டினார்.)

மத்தியப் பிரதேசத்தில் ஒரு முதியவர், தலையில் அடிபட்ட இடத்தில் எழுந்த கொம்பை ஆண்டுக்கணக்காக நாவிதரிடம் வெட்டிக்கொண்டார். அது மீண்டும் மீண்டும் வளர்ந்தது. 2019-இல் சாகர் நகர மருத்துவர்கள் அதை அடியோடு நீக்கிச் சோதனைக்கு அனுப்பினர். அந்த நாவிதரைப் பழிக்க எனக்கு மனமில்லை. நம் பக்கத்தில் மருவுக்குச் சுண்ணாம்பு வைப்பதும் குதிரைமயிர் கட்டுவதும் வேறென்ன?

தேவிகுளம், பீருமேட்டில் கொழுந்தெடுப்பவரும், பாலக்காட்டுச் சித்தூர் வட்டாரத்தில் வயலில் நிற்பவரும் வாழ்நாளெல்லாம் வெயில் குடிப்பவர்கள். கருந்தோல் வெயிலை ஓரளவு தடுக்கும், முற்றும் தடுக்காது. மருத்துவமனைக்குப் போனால் ஒருநாள் கூலி போகும். போனாலும் வயதான தமிழர் பலருக்கு மலையாள அறிவிப்பைப் படிக்க வராது.

ஆகவே நம் மன்றம் இவ்வாண்டு ஒரு பட்டிமன்றத்தைக் குறைத்துக்கொண்டு, தமிழில் ஒரு பக்கத் துண்டறிக்கை அச்சிடட்டும். தோலில் கடினமாக எது வளர்ந்தாலும் தாமே அறுக்கலாகாது, மருத்துவர் நீக்கினால், "சதையைச் சோதனைக்கு அனுப்புவீர்களா, ஐயா?" என்று கேட்க வேண்டும். இவ்விரண்டும் அதில் இருந்தால் போதும். லயங்களில் கொண்டு கொடுக்க நான் வருகிறேன்.