மாலைக்கு நீட்டும் கழுத்தா? சுமைக்குக் கொடுக்கும் தோளா?

தலைவர் என்றதும் நம் கண்முன் வருவது என்ன? கழுத்தில் மாலை, மேடையில் நடு நாற்காலி, கோயில் திருவிழாவில் முதல் மரியாதை. கிளைத் தேர்தல் வந்துவிட்டால் லயத்துக்கு லயம் இதே பேச்சுத்தான். "அவரு நல்லா பேசுவாரு, அவரையே போட்டுடலாம்" என்கிறோம். பேச்சு மட்டும் போதுமா? தோட்ட மக்கள் நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பதினெட்டு வருஷம் செம்பனைக் குலை வெட்டியவர் ஒருவர். மண்டோரோடு வாய்த்தகராறு, வேலை நீக்கக் கடிதம் கொடுத்துவிட்டார்கள். கடிதத்தை எடுத்துக்கொண்டு கிளைத் தலைவர் வீட்டுக்கு ஓடினார். "கவலைப்படாதே தம்பி, மானேஜர் நமக்கு வேண்டியவரு. நான் ஒரு வார்த்தை சொன்னா போதும்" என்றார் தலைவர். கடிதம் சாமி படத்துக்குப் பின்னால் போயிற்று. பிறகு திருவிழா வந்தது. அது முடிந்ததும் மானேஜர் விடுமுறையில் போனார். "பார்க்கலாம், பார்க்கலாம்" என்றே நாள் ஓடியது.

கடிதம் என் கைக்கு வந்தபோது எழுபது நாள் கடந்துவிட்டது. 1967ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டப்படி, வேலை நீக்கப்பட்டவர் 60 நாளுக்குள் மனுச் செய்தாக வேண்டும். வேலை போயிற்று, வேலையோடு வீடும் போயிற்று. "இத்தனை வருஷம் சந்தா கட்டினோமே அண்ணே, ஒருத்தருக்குமா இந்த அறுபது நாள் தெரியாது?" என்று அவர் மனைவி கேட்டார். எனக்கு வாய் திறக்க முடியவில்லை. கிளைத் தலைவருக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டியவன் நான்தானே!

அந்தத் தலைவர் கெட்டவர் அல்லர். சங்கக் காசில் ஒரு காசு தொடாதவர். ஆனால் தெரியாததைத் 'தெரியாது' என்று சொல்லும் துணிவு அவரிடம் இல்லை. அந்த ஒரு குறை ஒரு குடும்பத்தைத் தெருவில் நிறுத்திவிட்டது.

நம் முன்னோடிகளைப் பாருங்கள். 1941இல் கிள்ளான் வட்டாரப் போராட்டத்தில் ஆர்.எச். நாதன் முன் நின்றார். சம்பளம் மட்டுமா அன்று கேட்கப்பட்டது? துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கும் இழிவு ஒழிய வேண்டும், கள்ளுக்கடை மூடப்பட வேண்டும், பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டும் என்றும் கேட்டார்கள். லயத்து மக்களின் நெஞ்சில் இருந்ததுதான் கோரிக்கையாக வந்தது. அதற்காக நாதன் நாடு கடத்தப்பட்டார்.

தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல், துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அமைச்சராக இருந்தவர் தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளி போடுங்கள் என்று பாட்டாளியிடம் கேட்டார். தொழிலாளி கொடுத்தான், அந்தப் பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. நம்பிக்கை இல்லாத இடத்தில் பத்துக் காசுகூடப் பெயராது.

ஆகவே, தலைவராக வருகிறவர் முதலில் காது கொடுத்துக் கேட்க வேண்டும். கேட்டதை அன்றைக்கே தேதி போட்டு எழுதி வைக்க வேண்டும். சம்பளச் சீட்டைப் படிக்கத் தெரிய வேண்டும். சம்பளக் காலம் முடிந்த ஏழு நாளுக்குள் கூலி கைக்கு வர வேண்டும் என்ற சட்டமும் தெரிய வேண்டும். மானேஜரைப் பார்க்கப் போனால் தனியாகப் போகக் கூடாது. இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். தனியே போய் வந்தவர் நியாயமாகவே பேசியிருந்தாலும் ஊர் வாய் சும்மா இருக்காது. தனக்குப் பின் வர ஓர் இளைஞரையோ ஒரு பெண்ணையோ பழக்கிவிடவும் வேண்டும்.

தலைவரைக் குறை சொல்லும் நமக்கும் கடமை உண்டு. கூட்டத்துக்குப் போகாமல் வீட்டில் இருந்துவிட்டு, மறுநாள் பெரட்டில் குறை பேசுவது ஆண்மையல்ல.

அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "அண்ணே, வேலையை விட்டு நிறுத்திட்டா எத்தனை நாளுக்குள்ளே மனுக் கொடுக்கணும்?" சரியாகச் சொன்னால் ஓட்டுப் போடுங்கள். "எனக்குத் தெரியலே, நாளைக்கே கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்று சொல்லி, சொன்னபடி வந்து நின்றாலும் போடுங்கள். "அதெல்லாம் நான் பார்த்துக்கிறேன்" என்கிறவருக்கு மட்டும் மாலையைப் போட்டு, மரியாதையாக அனுப்பி வையுங்கள்!