விஞ்ஞானியும் சரித்திரப் படிப்பும்

விஞ்ஞானத் துறையில் பத்துப் பதினைந்து ஆண்டுகள் பணியாற்றிய ஒருவர், சரித்திரத்திலோ தத்துவத்திலோ எம்.ஏ. பயில விரும்பினால், சுற்றத்தாரும் மேலதிகாரிகளும் அதனை ஒருவகைத் துறவாகவே கருதுகின்றனர். ‘இதுவரை கற்றதெல்லாம் வீண்தானா?’ என்ற வினா உடனே எழுகிறது. அது வீணாவதில்லை, புதிய துறைக்கு அதுவே முதலாக அமைகிறது என்பது எமது கருத்து.

டி. டி. கோசாம்பி (1907–1966) கணித அறிஞர். புனே பெர்குசன் கல்லூரியில் ஆசிரியராகவும், பின்னர் பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்திலும் பணியாற்றினார். பழைய வெள்ளி முத்திரை நாணயங்களின் கால வரிசையை அறிய அவர் கையாண்ட கருவி தராசு. நாணயம் கைமாறுந்தோறும் சிறிது தேய்கிறது. அத்தேய்மானம் எல்லா நாணயங்களுக்கும் ஒரே அளவாக இராது. ஆகவே புழக்கம் நீள நீள அவற்றின் சராசரி எடை குறையும். எடைகளுக்கிடையே உள்ள வேறுபாடோ பெருகும். தட்சசீலத்துப் புதையல் நாணயங்களின் பின்புறத்தில் குறிகள் மிகுந்திருக்கும் அளவுக்கு எடை குறைந்திருப்பதை அவர் கணக்கிட்டுக் காட்டினார். ஆயிரக்கணக்கான நாணயங்களைத் தம் கையாலேயே நிறுத்தார் என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. அவருடைய முடிவுகள் அனைத்தையும் நாணயவியலார் ஏற்றுக் கொண்டாரல்லர். எனினும், அரசர் பெயரே பொறிக்கப்படாத ஒரு காசிடம் காலத்தைக் கேட்கலாம் என்பது ஒரு கணித அறிஞருக்குத் தோன்றிற்று.

ஆனால் தராசு மட்டும் போதாது. 1948-இல் அவர் வெளியிட்ட பர்த்ருஹரி சுபாஷிதங்களின் ஆய்வுப் பதிப்பு, ஏராளமான ஏடுகளை ஒப்புநோக்கிய உழைப்பின் பயன். சம்ஸ்கிருதப் புலமையின்றி அது கைகூடியிராது. கல்வெட்டு ஆராய விழையும் ரசாயன ஆசிரியரும் பழைய எழுத்துகளை ஆரம்பப் பள்ளி மாணவனைப் போல் எழுதிப் பழகியே தீரவேண்டும். பணியில் மூத்தவருக்கு இது சற்றுக் கூச்சமாகவே இருக்கும்.

மறக்க வேண்டியதும் ஒன்று உண்டு. தாமஸ் கூன் 1949-இல் ஹார்வர்டில் பௌதிகத்தில் டாக்டர் பட்டம் பெற்று, விஞ்ஞான சரித்திரத்திற்கு மாறியவர். அரிஸ்டாட்டிலின் இயக்கக் கொள்கையை நியூட்டனின் அளவுகோலால் அளந்தபோது அது வெறும் பிழைகளின் குவியலாகவே அவருக்குத் தோன்றியது. அரிஸ்டாட்டில் எவ்வினாக்களுக்கு விடை தேடினார் என்று பார்த்த பின்னரே பொருள் விளங்கிற்று. சரியா, தவறா என்று உடனே தீர்ப்பளிக்கும் பழக்கம் ஆய்வுக்கூடத்தில் வந்து ஒட்டிக்கொள்வது. சுவடிச்சாலையில் அதனைச் சிறிது நேரம் ஒத்திவைக்க வேண்டும்.

நம்மவருக்கு வழி இல்லாமல் இல்லை. எத்துறைப் பட்டதாரியும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக் கழகத்தில் சரித்திர எம்.ஏ. பயிலலாம். இடர் அதன்பின் வருகிறது. ஆவணங்களை நாடிச் சென்று அமர்ந்து படிக்க மாதக் கணக்கில் ஓய்வு தேவை. 1972-ஆம் ஆண்டு மத்திய அரசுப் பணியாளர் விடுப்பு விதிகளின்படி, ஐந்து ஆண்டுப் பணி முடித்தவருக்குப் பணிக்காலம் முழுவதிலும் 24 மாதங்கள் வரை கல்வி விடுப்பு வழங்கலாம். பணியோடு நெருங்கிய தொடர்பில்லாவிடினும், ஊழியரின் மனத்தை விரிவாக்கும் படிப்புக்கும் அவ்விதிகள் இடமளிக்கின்றன. ஆயினும் அதே விதிகளில், ஏட்டுக் கல்வி சார்ந்த பாடங்களுக்கும் இலக்கியப் பாடங்களுக்கும் விடுப்பு இல்லை என்ற தடையும் காணப்படுகிறது. தொழில் நிபுணருக்கு உள்ள விலக்கோ, பணியோடு நேரடித் தொடர்புள்ள மேற்படிப்புக்கு மட்டுமே உரியது.

ஒரு கை திறந்த கதவை மறு கை சாத்துகிறது என்றே தோன்றுகிறது. பழைய வறட்சிகளைப் பற்றிக் கல்வெட்டுகளிலும் வருவாய்க் குறிப்புகளிலும் ஆராய விழையும் வானிலைத் துறை ஊழியர் எப்பிரிவில் விண்ணப்பிப்பார்? மழைமானியை ஆண்டுக் கணக்கில் பார்த்தவர், அக்குறிப்புகளில் நம்பத்தக்கது எது, மிகைப்பட்டது எது என்று பிறரினும் நன்கு அறிவார். இத்தகையோர் விஷயத்தில் அத்தடையைத் தளர்த்தும் அதிகாரத்தைத் துறைத் தலைவருக்கே அளிக்கலாம். அதற்குத் தேவைப்படுவது விதியில் ஒரு சிறு திருத்தமே.