குளிர்கிறது என்பதும் குளிர்ந்திருக்கிறது என்பதும்

சென்ற ஆண்டு ஐதராபாத்தில் அம்மாவுக்குக் கருப்பை நீக்க அறுவைசிகிச்சை நடந்தது. ஆய்வுக்காக நான் இங்கே தங்கியிருப்பதால், ஊரில் செய்துகொள்வதைவிட என் பக்கத்தில் இருந்து செய்துகொள்வது நல்லது என்று முடிவுசெய்து வந்திருந்தார். முதுகில் ஊசி போட்டு, மார்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்து, இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக அறுவை நீடித்தது. வெளியே கொண்டுவந்தபோது அவருடைய தாடை அடித்துக்கொண்டிருந்தது. தோள்களும் கைகளும் தூக்கிப்போட்டன; கால்கள் மட்டும் யாருடையவோ போல அசையாமல் கிடந்தன. “குளிருதுடா” என்பதைத் தவிர வேறு சொல் வரவில்லை.

பணியில் இருந்த செவிலியர் நெற்றியில் கைவைத்துப் பார்த்தார். காய்ச்சல் இல்லை என்றார். “அந்தரிக்கீ இலாகே அவுதுந்தி” என்று சொல்லி, ஒரு மெல்லிய விரிப்பை இன்னொரு மெல்லிய விரிப்பின்மேல் போட்டுவிட்டுப் போனார். எல்லாருக்கும் இப்படித்தான் ஆகும். அவர்மீது எனக்குக் கோபம் இல்லை. அன்று அந்த அறையில் ஒன்பது பேருக்கு அவர் ஒருவரே செவிலியர். ஆனால் அந்த வாக்கியம் என்னை விடவில்லை. எல்லாருக்கும் ஆகிறது என்பது, ஆனால் ஒன்றுமில்லை என்பதற்குச் சான்றாகுமா?

காப்பீட்டுக்காகத் தாள்களின் நகலைப் பெற்றபோது மயக்க மருந்துப் பதிவேட்டையும் பார்த்தேன். நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை புள்ளிபுள்ளியாகக் குறிக்கப்பட்டிருந்தன. இரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவு இருந்தது. வெப்பநிலை என்று அச்சிட்ட வரிசையும் இருந்தது. தொடக்கம் முதல் முடிவு வரை அது வெறுமையாக இருந்தது.

நான் மருத்துவன் அல்லன், மொழியியல் மாணவன். ஆகவே எனக்குத் தெரிந்த இடத்திலிருந்தே தொடங்குகிறேன்.

“எனக்குக் குளிர்கிறது” என்னும் வாக்கியத்தில் குளிரை உணர்பவர் எழுவாயாக நிற்பதில்லை; நான்காம் வேற்றுமையில் நிற்கிறார். தெலுங்கில் “நாக்கு சலி வேஸ்தோந்தி”, இந்தியில் “முஜே டண்ட் லக் ரஹீ ஹை” என்பனவும் இதே அமைப்பு. வங்காளிகள் ஆறாம் வேற்றுமையில் சொல்வார்கள். காலின் மசிகா 1976இல் வெளியிட்ட நூலில், இந்தியாவை ஒரு மொழிப்பரப்பாகக் காட்டும் கூறுகளுள் ஒன்றாக இதைப் பேசியிருக்கிறார். வகுப்பில் எல்லாரும் படித்ததுதான். பசி, தாகம், வலி, குளிர் எல்லாம் இங்கே நாம் செய்பவை அல்ல, நமக்கு நேர்பவை. இன்னொரு வாக்கியம் உண்டு: “உடம்பு குளிர்ந்திருக்கிறது.” இதில் உடம்பு எழுவாய். முதல் வாக்கியத்தின் உண்மையை அறிந்தவர் அதைச் சொல்பவர் மட்டுமே. இரண்டாவதன் உண்மையைக் கருவி வைத்திருக்கும் எவரும் சரிபார்க்கலாம்.

இவ்விரண்டும் ஒன்றையொன்று சார்ந்தவை அல்ல என்பதை நம் வீடுகள் நெடுங்காலமாக அறிந்திருக்கின்றன. குளிர்காய்ச்சல் என்ற சொல்லே அதற்குச் சாட்சி. உடம்பு அனலாய்க் கொதிக்கும். போர்வைக்குள் இருப்பவர் குளிர்கிறது என்பார். முதல் வாக்கியம் மெய், இரண்டாவது பொய். முதுகில் ஊசி போட்டுக்கொண்டு அறுவை மேசையில் கிடப்பவரிடம் இது தலைகீழாகிறது. மரத்துப்போன பகுதியின் தோலிலிருந்து மூளைக்கு இடைவிடாது போய்க்கொண்டிருந்த குளிர்ச் செய்தி நின்றுவிடுகிறது. செய்தி வராததை மூளை வெதுவெதுப்பு என்று எடுத்துக்கொள்கிறது. அங்குள்ள இரத்தக் குழாய்கள் விரிந்து வெப்பத்தை இழந்துகொண்டிருக்க, அவர் நலமாக இருப்பதாகவே உணர்கிறார். அம்மா பிறகு சொன்னார்: “உள்ள இருந்தப்போ காலெல்லாம் வெதுவெதுன்னுதான் இருந்துச்சு. வெளிய வந்தப்புறந்தான் வந்துச்சு அந்த நடுக்கம்.” உள்ளே யாரேனும் அவரிடம் “குளிர்கிறதா” என்று கேட்டிருந்தால், இல்லை என்று மனமறிந்த உண்மையைச் சொல்லியிருப்பார். அந்த உண்மையால் எவருக்கும் பயன் இருந்திருக்காது.

முழு மயக்கத்தில் கேள்விக்கே இடமில்லை. ஆக, அறுவை அரங்கில் கிடப்பவர் எந்த வகை மயக்க மருந்தில் இருந்தாலும், தம் வெப்பநிலையைப் பற்றிச் சாட்சி சொல்ல இயலாதவர். நெற்றியில் வைக்கும் கையும் அந்தச் சாட்சியைத் தராது. அது தொடுவது தோலை. மருத்துவர்கள் அக்கறைகொள்ள வேண்டியது மூளை, இதயம், குடல் இருக்கும் உட்பகுதியின் வெப்பநிலையை. அது 36 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் அறுவைக்கால உடற்குளிர்வு என்கிறார்கள்.

எப்படி இறங்குகிறது என்பதைப் படித்தபோதுதான் எனக்கு வியப்பு. குளிரூட்டியின் காற்றும், திறந்த வயிறும், துடைத்த திரவமும்தான் காரணம் என்று எண்ணியிருந்தேன். அவையும் காரணங்களே, ஆனால் முதல் மணி நேரத்தின் பெருஞ்சரிவு அவற்றால் வருவதன்று. சாதாரண நிலையில் நம் கைகால்கள் உட்பகுதியைவிட 2 முதல் 4 டிகிரி வரை குளிர்ந்திருக்கின்றன. குழாய்களை இறுக்கிப் பிடித்து, வெப்பத்தை நடுவில் பூட்டி வைத்திருக்கிறது உடல். மயக்க மருந்து அந்தப் பூட்டைத் திறந்துவிடுகிறது. உள்ளிருக்கும் சூடான இரத்தம் கைகால்களுக்கு ஓடுகிறது. அங்கிருந்து குளிர்ந்த இரத்தம் உள்ளே வருகிறது. உடலின் மொத்த வெப்பம் பெரிதாகக் குறையாமலேயே, முதல் ஒரு மணி நேரத்தில் உள்வெப்பநிலை 1 முதல் 1.5 டிகிரி வரை சரிந்துவிடுகிறது. வெளியே வெப்பம் போவது அதன் பிறகுதான் பெரிய கணக்காகிறது. அறை வெப்பநிலையில் இருக்கும் சலைன் ஒரு லிட்டர் ஏற்றினால் மேலும் கால் டிகிரி அளவுக்குக் குறையும்.

இதிலிருந்து ஒன்று பெறப்படுகிறது. சரிவு தொடங்கிய பின் போர்த்துவது காலம் தாழ்ந்த உதவி. மருந்து கொடுப்பதற்கு முன்பே கைகால்களைச் சூடேற்றிவிட்டால், பூட்டு திறந்தாலும் வெப்பம் ஓடுவதற்கு அவ்வளவு வேறுபாடு இராது. சூடான காற்றை ஊதும் போர்வையால் பத்து முதல் முப்பது நிமிடம் முன்கூட்டியே சூடேற்றுவதன் தருக்கம் இதுதான். நம் மருத்துவமனைகளில் அந்த அரை மணி நேரத்தை நோயாளி எப்படிக் கழிக்கிறார்? அம்மா, முதுகுப் பக்கம் நாடா கட்டிய பச்சை அங்கியோடு, குளிரூட்டிய வெளிக்கூடத்தில் ஒரு தள்ளுபடுக்கையில் முக்கால் மணி நேரம் காத்திருந்தார். முன்னதாகச் சூடேற்ற வேண்டிய நேரத்தில் முன்னதாகக் குளிர்வித்திருக்கிறோம்.

இதனால் என்ன கேடு? 1996இல் குர்ஸ், செஸ்லர், லென்ஹார்ட் மூவரும் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. பெருங்குடல் அறுவை செய்துகொண்ட 200 பேரில், குளிரவிடப்பட்டவர்களில் 19 விழுக்காட்டினருக்கும், சூடாக வைக்கப்பட்டவர்களில் 6 விழுக்காட்டினருக்கும் காயத்தில் தொற்று ஏற்பட்டது. அதே ஆண்டு வெளிவந்த இடுப்பு மூட்டு ஆய்வு இரத்த இழப்பு கூடுவதைக் காட்டியது. அடுத்த ஆண்டு வந்த ஒன்று இதயச் சிக்கல்களைக் காட்டியது. இவற்றோடு நிறுத்திக்கொண்டால் என் வாதம் வலுவாகத் தோன்றும். ஆனால் 2022இல் லான்செட் இதழில் வந்த ஆய்வையும் சொல்ல வேண்டும். அதை நடத்தியவர்களுள் முதன்மையானவர் அதே செஸ்லர். சீனாவிலும் அமெரிக்காவிலும் 5,056 நோயாளிகள். ஒரு பிரிவினரை 35.5 டிகிரியிலும் மற்றவர்களை 37 டிகிரியிலும் வைக்க முயன்றார்கள். இதயத் தசைக் காயம் முதலிய முதன்மை விளைவுகளில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. தாம் கால் நூற்றாண்டாகப் பேசிவந்த கருத்தின் எல்லையைத் தாமே அளந்து சொன்ன அந்த அறிஞரின் நேர்மை, நம் துறைகளிலும் வாய்க்க வேண்டும் என்று ஏக்கமாக இருக்கிறது.

இந்த முடிவைக் காட்டி “பார்த்தாயா, கவலைப்பட ஒன்றுமில்லை” என்று ஒரு நண்பர் சொன்னார். நான் அப்படிப் படிக்கவில்லை. 35.5 வரை தாங்கலாம் என்று அவர்களால் கூற முடிந்ததே, 35.5இல் இருப்பதை இடைவிடாது அளந்ததனால்தான். அதற்குக் கீழே போகவிடாமல் காத்தார்கள். 34.5 ஆனாலும் கவலையில்லை என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. வெற்று வரிசைக்கு அது சான்றாகாது.

அம்மாவின் தையலில் எட்டாம் நாள் சீழ் பிடித்தது. மூன்று வாரம் தினமும் கட்டு மாற்றினோம். அது குளிர்ந்ததனால் வந்ததென்று நான் சொல்லமாட்டேன். அம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. அதுவே போதுமான காரணம். என் மனக்குறை வேறு. அவர் 35.8இல் இருந்தாரா, 34.2இல் இருந்தாரா என்று இனி எவராலும் சொல்ல முடியாது. குற்றம் சாட்டவும் வழியில்லை, ஐயத்தைத் தீர்க்கவும் வழியில்லை.

இது என் அம்மா ஒருவரின் கதையாக இருந்தால் இவ்வளவு எழுதியிருக்கமாட்டேன். ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் நிகழும் பிரசவங்களில் 21.5 விழுக்காடு அறுவைப் பிரசவம், தமிழ்நாட்டில் 44.9, தெலங்கானாவில் 60.7. அவற்றில் பெரும்பாலானவை முதுகில் ஊசி போட்டுச் செய்யப்படுபவை. விழித்திருந்து, பேசிக்கொண்டே, தம் உடல் குளிர்வதை அறியாதிருக்கும் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணிப்பாருங்கள்.

செலவு என்பார்கள். காற்றுப் போர்வை ஒருமுறை பயன்படுத்தி எறிவது. அது நோயாளியின் பற்றுச்சீட்டில் ஏறும், உண்மைதான். வெப்பநிலைமானிக்கு அந்தச் சாக்கு செல்லாது. ஒற்றைப் பருத்திப் போர்வைகூடத் தோலின் வழி இழக்கும் வெப்பத்தை ஏறக்குறைய 30 விழுக்காடு குறைக்கிறது. அதன்மேல் இன்னொன்று போர்த்துவதால் கிடைப்பது சொற்பம். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2008இல் வகுத்த நெறிமுறை, அறுவையின்போது அரை மணிக்கு ஒருமுறை அளக்கச் சொல்கிறது. நோயாளியின் உடல் திறந்திருக்கும்வரை அரங்கு 21 டிகிரிக்குக் குறையக்கூடாது என்கிறது. அரை லிட்டரோ அதற்கு மேலோ ஏற்றும் திரவத்தைச் சூடாக்கி ஏற்றச் சொல்கிறது. அரங்கின் குளிரைத் தீர்மானிப்பது தடித்த மேலங்கிக்குள் விளக்கின் அடியில் வியர்த்து நிற்பவரின் வசதி. அவருக்கு வியர்க்கிறது என்பதும் நான்காம் வேற்றுமைதான். ஆனால் அந்த வாக்கியத்துக்குக் குளிரூட்டியின் பொத்தான் உடனே செவிசாய்க்கிறது.

இதைப் படிக்கும் மாணவர்களின் வீட்டார் யாரேனும் அறுவைக்குப் போக நேர்ந்தால் ஓர் எச்சரிக்கை. நடுங்குகிறாரே என்று வெந்நீர்ப் பையை வாங்கிக் காலடியில் வைத்துவிடாதீர்கள். மரத்துப்போன தோலுக்குச் சூடும் தெரியாது. வெந்து கொப்புளமான பிறகே தெரியவரும். அதைவிட, முந்தின நாள் மயக்க மருத்துவர் பேச வரும்போது, உள்ளே வெப்பநிலையை அளப்பீர்களா, காத்திருக்கும் நேரத்தில் போர்வை உண்டா என்று கேட்டுவிடுங்கள். நாங்கள் இவற்றைக் கேட்கவில்லை. கேட்கலாம் என்பதே தெரியாது.

நட்பு வட்டத்தில் மயக்கவியல் படிக்கும் மாணவர்கள் சிலர் இருக்கிறீர்கள். உங்கள் மருத்துவமனையின் பதிவேட்டில் அந்த வரிசை இருக்கிறதா, இருந்தால் நேற்றைய தாள்களில் எத்தனையில் அது நிரப்பப்பட்டிருந்தது என்று எழுதுங்கள். மருத்துவமனையின் பெயர் வேண்டாம்.